படலில் கட்டிய சிவப்புத் துணி

அக்கா,

உன் சிவப்புத் துணி இப்போது என் அலுவலக மேசையின் இழுப்பறையில், கோப்புகளுக்கு மேலே மடிந்து கிடக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டு அலசியும் பூச்சிமருந்து வாடை முழுதாகப் போகவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் நம் முதலமடை மாந்தோட்டம் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. பக்கத்து மேசைக்காரர் நேற்று மூக்கைச் சுளித்துக்கொண்டு, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த துணி என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வேண்டிய ஆள் நீதான். நீ இல்லாதபோது சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் என் வழக்கப்படிதான். எல்லாவற்றுக்கும் நேரம் கழித்தே வந்து சேருகிற ஆள் என்று நீ என்னைக் கேலி செய்வாயே.

வரும் திங்கட்கிழமைக்குள் நான் ஒரு அத்தியாயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன அத்தியாயம் என்று உனக்கு விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன். நாட்டுக்கு நிலக்கரி மட்டும் போதாது, மழை பொய்த்தால் அணை கைவிரிக்கும், சூரியன் சாயங்காலத்தோடு கடையைக் கட்டிவிடும். அதனால் எல்லா வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதில் ஒரு வழி, சிறிய அளவிலான புதுவகை அணு உலைகள். பழையவற்றைப் போல மலைமாதிரி கட்டடங்கள் கிடையாது. பாதியைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்திவிடலாம். பம்பு நின்றாலும், ஆள் யாரும் கையை வைக்காவிட்டாலும் அதுவே அணைந்து அதுவே குளிர்ந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக நான் செய்கிற வேலை இதுதான். இந்த வேலையை நான் நம்புகிறேன், இன்றைக்கும் நம்புகிறேன். அந்தத் திட்டத்தில், ஒருவேளை ஏதாவது நடந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து மக்களை எப்படி வெளியேற்றுவது, எப்படித் திரும்ப அழைத்து வருவது என்கிற அத்தியாயம் என் பொறுப்பு.

வெளியேற்றுவதைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். எந்தச் சாலை, எத்தனை வண்டி, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது, குழந்தைகளுக்கு என்ன மாத்திரை, எல்லாம் இருக்கிறது. திரும்ப அழைத்து வருவதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான். 'தகுந்த அதிகாரி, தகுந்த நேரத்தில், திரும்பலாம் என்று அறிவிப்பார்.' அதை எழுதியவன் நான்தான். எழுதிய அன்றைக்கு அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எங்கேயும் சிக்காத வாக்கியம் அல்லவா.

பஞ்சாயத்துக் கூடத்தில் நடந்த கூட்டம் உனக்கு மறந்திருக்காது. நாடெங்கும் பல இடங்களை ஆரம்பநிலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் நம் ஊரை ஒட்டிய வறண்ட நிலமும் ஒன்று. பிறகு தண்ணீர் போதாது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. அன்றைக்கு மக்களிடம் விளக்கம் சொல்ல ஐந்து பேர் வந்தோம். திரையில் ஓடியது மலையாளமும் ஆங்கிலமும். கூடத்தில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். கோவிந்தாபுரத்துப் பக்கத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரிந்தவன் என்றுதான் என்னை மேடையில் ஏற்றியிருந்தார்கள். நான் அந்த ஊர்க்காரன் என்று குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

நான் சொல்லவில்லை. சொன்னால், பக்கத்திலேயே அக்காவின் மாந்தோப்பு இருக்கிறது, குடும்ப நிலம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் குழுவிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். அதுதான் உண்மை. அந்தக் குழுவில் இடம் கிடைக்க நான் ஆறு வருடம் காத்திருந்தேன். முந்தின நாள் ராத்திரி உனக்குப் போன் செய்து, 'நாளைக்கு மீட்டிங்ல என்னத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதக்கா' என்று கேட்டேன். நீ, 'செரி கண்ணு. மத்தியானம் சாப்பாட்டுக்காச்சும் ஊட்டுக்கு வருவியா?' என்றாய். வருகிறேன் என்றேன்.

நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். வேலை யாருக்குக் கிடைக்கும், நிலம் எவ்வளவு போகும், மாம்பழம் விலைபோகுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டு முடித்த பிறகு எழுந்தாய். மைக் உன் கைக்கு வந்ததும் கீச்சென்று கத்தியது. அதை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாய்.

'ஏனுங்க சார்.'

என்னைத் தூக்கி வளர்த்தவள். மூக்கொழுகும் பிள்ளையாக என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள். நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்காக, இருநூறு பேருக்கு முன்னால் என்னைச் சார் என்று கூப்பிட்டாய். உன் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

'கரண்டு வேண்டாம்னு நாஞ் சொல்லலீங்க சார். எங்க மோட்டாரு பாதி நாளு வோல்டேஜ் இல்லாம மொனகிட்டுத்தான் கெடக்குது. எங்கிருந்து வந்தாலும் நின்னு வந்தாச் செரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. எங்க தோட்டத்துல மருந்தடிச்சா, யாரும் உள்ள வரக்கூடாதுன்னு வாசப் படல்ல செவப்புத் துணி கட்டுவோம். யாரு கட்டுனாங்களோ அவியளேதான் உள்ள போயி, பாத்துட்டு வந்து அவுக்கோணும். அது எங்க தோட்டத்து முறைங்க. உங்க எடத்துல ஏதோ ஒண்ணு ஆச்சுன்னா எங்களை வெளிய போகச் சொல்லுவீங்க. செரி, போறோம். பொறவு, எல்லாஞ் செரியாப் போச்சு, வாங்கன்னு சொல்றது யாருங்க? சொல்றவரு எங்களுக்கு முந்தி உள்ள போவாருங்களா?'

அந்தக் கேள்வியின் அடியில் என்ன இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அது முப்பது வருடத்துக்கு முன்னால், நான் பொறியியல் மூன்றாம் வருடம். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தேன். அத்தான் காலமான பிறகு நீயே தோட்டத்தை எடுத்து நடத்த ஆரம்பித்து நாலைந்து வருடம் இருக்கும். பிஞ்சுக்கு மருந்தடித்து, படலில் துணியைக் கட்டிச் சில நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு நீ பாலக்காட்டில் ஏதோ ஆபீசுக்குப் போயிருந்தாய். நம் தோட்டத்தில் கூலி வேலைக்கு வரும் மயிலாத்தா அரிவாளோடு வந்து நின்றாள். எருமைக்கு இரண்டு நாளாகப் பச்சைப்புல் இல்லை, உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது, அறுத்துக்கொள்ளட்டுமா என்றாள். நான் மருந்து டப்பாவை எடுத்தேன். எத்தனை நாள் கழித்து உள்ளே போகலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. அடித்த தேதியை உன் காலண்டரில் பார்த்தேன், விரல்விட்டு எண்ணினேன். நாள் முடிந்திருந்தது. துணியை அவிழ்த்தேன். 'கணக்குப் பாத்தாச்சு, போங்க' என்றேன்.

என் கணக்கில் பிழை இல்லை, அக்கா. ஆனால் நீ மருந்தடித்த அன்றைக்குப் பாதியில் ஸ்பிரேயர் கோளாறாகி, கீழ்த் தோட்டத்துக்கு இரண்டு நாள் கழித்துத்தான் அடித்திருந்தாய். அது காலண்டரில் இல்லை. உன் தலைக்குள் இருந்தது. புல் கிடந்தது கீழ்த் தோட்டத்தில். மத்தியானம் மயிலாத்தா வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். கண் சொருகிவிட்டது. ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள், நம் நல்ல காலம்.

அவள் புருசனும் அண்ணன்மாரும் நம் வீட்டு வாசலுக்கு வந்து, யார் துணியை அவிழ்த்தது என்று கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். 'காலைல கெளம்பறப்ப நாந்தானுங்க அவுத்தேன். எந் தப்புத்தான்' என்றாய். அவர்கள் கேட்ட வார்த்தைகளை எல்லாம் தலை குனிந்து வாங்கிக்கொண்டாய். அந்த வருடம் முழுக்க நம் தோட்டத்துக்கு ஆட்கள் வர மறுத்தார்கள். கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டிவந்து காய் பறித்தாய். நான் கல்லூரிக்குத் திரும்பிப் போய்விட்டேன். பஸ் ஏற்றிவிடும்போது ஒன்றே ஒன்று சொன்னாய்: 'டப்பாவுல எழுதுனவனுக்கு நம்ம ஸ்பிரேயரு ரிப்பேரானது தெரியாது கண்ணு.' அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு தரம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றாய். என்னை மடக்கவா கேட்டாய்? அன்றைக்கு அப்படித்தான் எனக்குத் தோன்றியது. காது மடல் சுட்டது. எனக்குத் தெரிந்த பாதுகாப்பான இடம் ஒன்றுதான், அதிகாரியின் குரல். அதற்குள் புகுந்துகொண்டேன்.

'அம்மா, இது சிவப்புத் துணி கட்டுகிற காலத்துத் தொழில்நுட்பம் இல்லை. இதில் மனிதர்கள் கைவைக்க வேண்டிய தேவையே கிடையாது. தானாகவே அணைந்து, தானாகவே குளிர்ந்துவிடும். நீங்கள் துணியைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.'

கூடம் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். முன் பின் தெரியாத பெண்களை அதிகாரிகள் கூப்பிடுகிற மாதிரி உன்னை அம்மா என்று கூப்பிட்டேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஆனால் நீ கேட்டது அது இல்லை. உலை எப்படி அணையும் என்று நீ கேட்கவே இல்லை. திரும்பி வரச் சொல்கிற ஆள் யார் என்று கேட்டாய்.

'செரிங்க சார்' என்று சொல்லி மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாய். சேலை முந்தியை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாய். அதுவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், கூட்டம் முடிகிறவரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மத்தியானம் நான் வீட்டுக்கு வரவில்லை. குழுவோடு காரில் பாலக்காட்டுக்குப் போய்விட்டேன். வழியில் போன் செய்தேன். 'பரவால்ல கண்ணு, வேலைதான முக்கியம். கோழிக்கொழம்பு வெச்சிருந்தேன், பூங்கொடி சாப்புட்டுக்குவா' என்றாய். உன் மகள் பூங்கொடி பிறகு சொன்னாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம்.

அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் வருடம் நீ இருந்தாய். வாராவாரம் பேசினோம். பூ எப்படி, காய் எப்படி, மோட்டார் ஓடுகிறதா, என் ரத்தக்கொதிப்பு எப்படி, எல்லாம் பேசினோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை வைத்த பிறகு, அடுத்த வாரம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒரு தடவை, 'அக்கா, அன்னைக்கு மீட்டிங்ல' என்று ஆரம்பித்தேன். 'மைக்கு நல்லாவே இல்ல போ, காதே போச்சு' என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கும் அது வசதியாக இருந்தது. உன் பெருந்தன்மையை நான் எப்போதும் ஒரு வசதியாகவே வைத்துக்கொண்டேன், அக்கா.

இந்த மார்கழியில் மருந்தடித்து, துணியைக் கட்டிவிட்டு வந்த மூன்றாம் நாள், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டாய். நெஞ்சடைப்பு என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பூங்கொடி என்னிடம் வந்து நின்றாள்.

'மாமா, தோட்டத்துக்குள்ள யாரும் போக மாட்டேங்கிறாங்க.'

'ஏன்?'

'படல்ல துணி கெடக்குதுங்களே. அம்மா கட்டுனது. கட்டுனவிய இல்ல. யாரு அவுக்கறதுன்னு யாருக்கும் தெரியலீங்க மாமா.'

என் வாயில் முதலில் வந்தது, என்றைக்கு அடித்தது என்கிற கேள்விதான். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எத்தனை நாள் ஆகியிருந்தாலும் டப்பாக் கணக்குக்கு எப்போதோ தாண்டியிருக்கும். ஆனால் இந்தத் தடவை ஸ்பிரேயர் ஒழுங்காக ஓடியதா, மேலே எத்தனை டிரம், கீழே எத்தனை டிரம், எதைக் கலந்தாய், எதையாவது மிச்சம் வைத்து மரத்தடியில் கொட்டினாயா, யாரைக் கேட்பது? கூட அடித்த ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். எல்லாம் உன் தலைக்குள் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், படலுக்கு முன்னால் நின்றபோதுதான், உன் முறை ஏன் அப்படி இருந்தது என்பது எனக்கு முழுதாக விளங்கியது.

காலை எட்டு மணிக்குத் தனியாக உள்ளே போனேன். நீ போகிற மாதிரியே போனேன். மேல் வரப்பிலிருந்து ஆரம்பித்து மர வரிசைகளுக்கு நடுவே ஒவ்வொரு சாலாக நடந்தேன். அடிமரத்தில் எறும்பு திரும்ப ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். 'எறும்பு வந்தாத்தான் நாம வரலாம்' என்பாயே. இலையைத் தொட்டு முகர்ந்தேன். கீழ்த் தோட்டத்தில், வாய்க்கால் ஓரத்தில், ஒரு பங்கனப்பள்ளி மரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பிஞ்சு உதிர்ந்து கிடந்தது. தலை சுற்றவில்லை, வாந்தி வரவில்லை. கொஞ்சம் அழுதேன், அதற்கு மருந்து காரணமில்லை. பிறகு வெளியே வந்து முடிச்சில் கைவைத்தேன். நீ போட்ட முடிச்சு. வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்தது. நகம் பிய்ந்துதான் அவிழ்ந்தது.

படலுக்கு அந்தப் பக்கம் மயிலாத்தா நின்றிருந்தாள். இப்போது நன்றாகக் கூன் விழுந்துவிட்டது. கையில் அதே மாதிரி ஒரு அரிவாள்.

'இந்தத் தடவ உள்ள போயிப் பாத்துட்டு அவுத்தீங்களா சாமி?' என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. 'தெரியுமா உங்களுக்கு?'

'அப்பவே தெரியுமுங்க. போங்கன்னு சொன்னது நீங்கதான, எங் காதுதான கேட்டுது. பொழைச்சு எந்திரிச்சு ஊட்டுல சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அம்மிணி வந்து, நாந்தான் அவுத்தேன்னு சொல்லிப்போட்டாங்க. சின்னப்பையன், படிக்கற பையன், விட்டுருங்க மயிலாத்தான்னு எங் கையப் புடிச்சுட்டாங்க. அந்தம்மா உள்ள போகாம அவுக்கற ஆளுங்களா?'

முப்பது வருடம் கழித்து, படலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மயிலாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். 'அட, அது கெடக்குதுங்க' என்று சொல்லிவிட்டுப் புல்லறுக்க உள்ளே போனாள். நான் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்டது மாதிரி உன்னிடம் கேட்க முடியாமல் போய்விட்டது.

திரும்பி வந்ததும் அந்த ஒற்றை வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதினேன். திரும்பலாம் என்று அறிவிப்பவரின் பெயர் முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த மூலையில் என்ன நடந்தது என்று அங்கே வேலை செய்தவர்களை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டவராக அவர் இருக்க வேண்டும். மக்களுக்கு முன்னால் அவர் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற மொழியில் அவரே வந்து சொல்ல வேண்டும். மேலதிகாரி படித்துவிட்டு அன்பாகத்தான் பேசினார். பெயர் போடக் கூடாது, பதவி மட்டும் போடலாம், மற்றதெல்லாம் உணர்ச்சிவசப்பட்டு எழுதியது என்று சொல்லி, பென்சிலால் நாலு வரியில் மூன்றை அடித்துக் கொடுத்தார். தாய்மொழியில் அறிவிப்பு என்பது மட்டும் தப்பியது. நான் மூன்றையும் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவை நிற்குமா என்று தெரியாது. நிற்காவிட்டால் கையெழுத்துப் போடுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போட மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. என்னை உனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

அடுத்த மாதம் வேறொரு ஊரில், வேறொரு கூடத்தில், இதே போல ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கேயும் மேடையில் நான் உட்கார வேண்டும். அங்கேயும் யாராவது ஒரு பெண் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, யார் அவிழ்ப்பது என்று அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளில் கேட்பாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. 'நான் கட்டினால் நான்தான் வருவேன், உங்களுக்கு முன்னால் உள்ளே போவேன்.' அவ்வளவுதான் அக்கா, ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அன்றைக்கும் இதைச் சொல்ல மேடை மைக் என் கையில்தான் இருந்தது.

ஒருவேளை யாரும் கேட்காமல் போனால் நானே எழுந்து அந்தக் கேள்வியைச் சொல்வேன். துணியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். எலி செத்த வாடை என்று யாராவது மூக்கைப் பிடித்தாலும் பரவாயில்லை. இது என் அக்கா கேட்ட கேள்வி என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.